செயலாளரின் ஆண்டறிக்கை (2024 ஏப்ரல் – 2025 மார்ச்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். செல்லூர்ப் பகுதியில் இயங்கிவரும் நமது நோயாளர் நல, நுகர்வோர் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. இருமுறை கோரம் இல்லாமல் கலைந்தது. சித்திரைத் திருவிழா நீர்மோர்ப் பந்தல் வழக்கம்போல் நடைபெற்றது. கண் பரிசோதனை முகாம் ஒன்றும், சர்க்கரை நோய் பற்றிய சொற்பொழிவு ஒன்றும் நடந்தன.

இவ்வாண்டு என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது, நாம் நன்கொடையாகக் கொடுத்த மருத்துவக் கருவிகளின் பதிவேடு. "செயலாளருக்கு வேறு வேலை இல்லை போலும்" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்ததால், இதைச் சற்று விரிவாகவே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது, நாம் வசூல் செய்து ஆக்சிஜன் செறிவூட்டி ஒன்றை வாங்கி, நகருக்கு வெளியே உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழங்கினோம். பொன்னாடை, புகைப்படம் எல்லாம் முறைப்படி நடந்தன. கடந்த ஜூலையில் வேறொரு வேலையாக அங்கே போனபோது, அந்தக் கருவி ஸ்டோர் அறையின் மூலையில் நின்றிருந்தது. அதன்மேல் பழைய பதிவேட்டுக் கட்டுகள் இருந்தன. பின்புறத்துப் பஞ்சு வடிகட்டி சாம்பல் நிறத்தில் கம்பளிபோல் அடைத்திருந்தது. நம் பெயர் பொறித்த பித்தளைத் தகடு மட்டும் பளபளவென்று இருந்தது. அங்கே மருந்தாளுநராகப் பணியாற்றும் தங்கை ஒருவர் சொன்னார்: "கரண்டு போய்ப் போய் வந்ததுல நின்னுருச்சு சார். யாரைக் கூப்பிடணும்னு ஒரு நம்பர் இருந்தா அன்னைக்கே கூப்பிட்டிருப்போம்." அந்த எண்ணும் வாரண்டி அட்டையும் நமது சங்க அலமாரியில், நன்றிக் கடிதங்களின் கோப்பில் இருந்தன. ஆகவே குற்றம் நம்முடையதே.

இதில் ஆபத்து என்னவென்று சிலர் கேட்டனர். முப்பது ஆண்டுகள் கருவி பழுதுபார்க்கும் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். செறிவூட்டி அறையின் காற்றை இழுத்து, நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 93 சதவீதம் தூய ஆக்சிஜனைத் தருகிறது. வடிகட்டி அடைத்துப்போனாலும், உள்ளே நைட்ரஜனைப் பிடிக்கும் குருணை ஈரப்பட்டுப்போனாலும் மூக்குக் குழாயில் காற்று வந்துகொண்டுதான் இருக்கும், ஆக்சிஜன்தான் குறைந்திருக்கும். ஆக்சிஜனை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் அது நோயாளிக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது.

நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. நாக்கை அழுத்திப் பார்க்கும் கட்டையிலிருந்து இதய வால்வு வரை எல்லாவற்றையும் ஆபத்தின் அளவைக் கொண்டு ஏ, பி, சி, டி என்று அவை நான்காகப் பிரிக்கின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்தின் பார்வையில் மருந்துக்குச் சமம். ஆனால் அவற்றைத் தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் உரிமம் ஏ, பி வகைகளுக்கு 2022 அக்டோபரிலும், சி, டி வகைகளுக்கு 2023 அக்டோபரிலும்தான் கட்டாயமாயிற்று. செறிவூட்டியின் விற்பனை லாபத்துக்கு 70 சதவீதம் என்று உச்சவரம்பு வந்ததும் 2021 ஜூன் மாதத்தில்தான். நாம் ஒரு மாதம் முந்திக்கொண்டு, கடைக்காரர் சொன்ன விலைக்கு வாங்கியிருந்தோம்.

உரிமம் கருவி விற்கப்படும் வரை காவல் நிற்கும். விற்றபின் அதை ஓட வைப்பது வேறு வேலை. தேசிய நலவாழ்வு இயக்கம் 2015இல் தொடங்கிய பராமரிப்புத் திட்டம், மாநிலங்களில் கணக்கெடுத்த கருவிகளில் 13 முதல் 34 சதவீதம் வரை செயலற்றுக் கிடந்ததைக் கண்டது. கருவிகள் இயங்கும் நிலையில் இருக்கவேண்டிய நேரம் மாவட்ட மருத்துவமனையில் 95, சமுதாய சுகாதார நிலையத்தில் 90, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80 சதவீதம் என்று அது இலக்கு வைத்தது. நாம் கொடுத்த கருவியோ எந்த இருப்புப் பதிவேட்டிலும் ஏற்றப்படவில்லை. ஏட்டில் இல்லாத கருவிக்கு எந்தச் சதவீதமும் பொருந்தாது. 2023ஆம் ஆண்டின் தேசிய மருத்துவக் கருவிகள் கொள்கையையும் படித்தேன். இன்னும் 25 ஆண்டுகளில் உலகச் சந்தையில் 10 முதல் 12 சதவீதத்தைப் பிடிக்கவேண்டும் என்கிறது. நல்ல எண்ணம்தான், ஸ்டோர் அறை மூலைக்கு அது எப்போது வந்துசேரும் என்பதே என் கேள்வி.

எனவே இதுவரை நாம் நன்கொடையாகக் கொடுத்த ஒவ்வொரு கருவிக்கும் வரிசை எண், வாங்கிய தேதி, வாரண்டி முடியும் நாள், சர்வீஸ் எண், கடைசியாகப் பார்த்த நாள் ஆகியவற்றை ஒரு நீள நோட்டில் எழுதத் தொடங்கினேன். வாரம் இருவர் துணைக்கு வரவேண்டும் என்று தீர்மானம் போட்டோம். முதல் வாரம் நால்வர் வந்தனர். மூன்றாம் வாரத்திலிருந்து நானும் என் டி.வி.எஸ். வண்டியும்தான். மருத்துவ அலுவலருக்கு மூன்று கடிதங்கள் எழுதியபின் செறிவூட்டி இருப்பில் ஏற்றப்பட்டது. மெக்கானிக் வடிகட்டியை மாற்றி, உள்ளே இருந்த ஈரக் குருணையையும் மாற்றிவிட்டு மீட்டர் வைத்தபோது 91 சதவீதம் காட்டியது.

அந்தச் செலவு செயற்குழு அனுமதித்ததைவிடச் சற்றுக் கூடிவிட்டது உண்மை. மற்றபடி வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. சிறு பற்றாக்குறையின் விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்னும் செலுத்தவில்லை. "கருவிக்கு ஏன் செலவு செய்தீர்கள்" என்று கேட்டவர்களும் அதில் அடக்கம் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

இடம் தந்த மண்டப நிர்வாகத்துக்கும், மோர்ப்பந்தலுக்குத் தயிர் வழங்கிய அன்பர்களுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பதிவேட்டைத் தொடர, வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவரும் கையெழுத்து நன்றாக உள்ள ஒருவரும் தேவை. எனக்கு முழங்கால் வலி. இப்பொறுப்பை இளையவர் யாரேனும் ஏற்பதானால் இன்றே ஒப்படைக்கச் சித்தமாக இருக்கிறேன். யாரும் முன்வராவிட்டால் பொதுக்குழுவின் விருப்பப்படி நடப்பேன். ரசீதுப் புத்தகம் வாசலில், செருப்பு விடும் இடத்துக்கு அருகில், மேசைமேல் வைக்கப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்