டிப்பர் வாங்கப்போகும் மாப்ளைக்கு

நாமக்கல்
19-1-2026

அன்பு மாப்ள செல்வராஜுக்கு,

உன் கவர் மாட்டுப்பொங்கல் முடிந்த மறுநாள்தான் கைக்கு வந்தது. உள்ளே மூன்று கொட்டேஷன், ஒரு பக்கக் கடிதம், கடைசியில் "எது நல்ல வண்டி, ஒரே வார்த்தையில் சொல்லு" என்று ஓர் உத்தரவு. தோஹாவில் பத்தொன்பது வருசம் கிரேன் ஓட்டியும் உன் அவசரம் மட்டும் அப்படியே ஊர் திரும்பியிருக்கிறது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் ஈரோட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். எனக்கு இடது முட்டிதான் தகராறு. வண்டிக்கு அடியில் படுத்துவிடுகிறேன், எழுப்பிவிட ஆள் வேண்டியிருக்கிறது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது என்று எழுதியிருந்தாய். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்லித் தங்கச்சியிடம் நான் சொன்னதாகச் சொல்.

இனி லாரிக்கு வருகிறேன். கொட்டேஷனில் இருக்கிற நம்பர்தான் வண்டியின் ஜாதகம். 2828 என்றால் முன்னால் உள்ள 28, வண்டியும் பாரமும் சேர்ந்த டன். பின்னால் உள்ள 28-ஐப் பத்தால் பெருக்கினால் ஹெச்.பி. சேல்ஸ்மேன் உன்னிடம் பின் நம்பரைப் பற்றியே பேசியிருப்பான். நீ முன் நம்பரைப் பார்க்க வேண்டும்.

நீ கேட்டிருக்கிற மூன்றுமே 10 சக்கரம். நம் பக்கம் எந்தக் கம்பெனி வண்டியானாலும் 10 சக்கரம் என்றால் "டாரஸ்"தானே. லேலண்ட் ஒரு மாடலுக்கு வைத்த பேர், ஊரே எடுத்துக்கொண்டது. 2018 ஜூலையில் அரசாங்கம் ஆக்சில் லோடை, அதாவது வண்டியும் பாரமும் சேர்ந்த எடை வரம்பை, ஏற்றினபோது இந்த ரக வண்டிக்கு 25 டன்னாக இருந்தது 28.5 ஆனது. கணக்குக்கு நம்பரில் உள்ள 28 என்றே வைத்துக்கொள். பெட்டியோடு காலி வண்டியே பதினொன்றரை, பன்னிரண்டு டன் நிற்கும். மிச்சம் பதினாறு, பதினாறரை. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எம்-சாண்ட் என்றால் யூனிட்டுக்கு நாலரை டன்னாவது வரும், ஈரமாக இருந்தால் இன்னும் கூட. அப்போது சட்டப்படி நீ ஏற்றக்கூடியது மூன்றரை யூனிட். ஆனால் பெட்டியைப் பார், ஐந்தரை யூனிட் தாராளமாகக் கொள்ளும். கூம்பாகக் கட்டினால் ஆறு. பெட்டி கொள்கிற அளவு வேறு, சட்டம் கொள்கிற அளவு வேறு. இந்தத் தொழிலில் காசு பார்த்தவனும் சரி, டியூ கட்ட முடியாமல் ஃபைனான்ஸ்காரனிடம் வண்டியைப் பறிகொடுத்தவனும் சரி, இந்த இரண்டு அளவுக்கும் நடுவில்தான் நின்றிருக்கிறார்கள்.

உன் கணக்குத்தாளில் நடைக்கு ஆறு யூனிட், நாளைக்கு நாலு நடை என்று போட்டிருக்கிறாய். ஆறு யூனிட் 27 டன். வண்டியோடு சேர்ந்தால் 39. எடைமேடையில் மாட்டினால் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பதினோரு டன் கூடுதல் என்று வைத்தால் 42,000. கூடுதல் சரக்கை இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுக்க விடுவார்கள், அந்தச் செலவும் உன் தலையில். ஸ்பிரிங் பட்டை ஒடிவது, டயர் விரிசல் விடுவது எல்லாம் நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எல்லோரும்தான் ஏற்றுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஏற்றுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆறு யூனிட் ஏற்றினால்தான் டியூ கட்ட முடியும் என்கிற கணக்கில் வண்டி எடுக்காதே. மூன்றரை யூனிட்டில் ஒரு தடவை போட்டுப் பார். தேறவில்லை என்றால் 12 சக்கரத்துக்குப் போ. 35 டன் வண்டி அது, முறைப்படியே நாலரை யூனிட்டுக்குக் குறையாமல் கொண்டுபோகலாம். 16 சக்கரம், 47.5 டன் என்றும் வந்திருக்கிறது. நெடுஞ்சாலை வேலைக்கு அருமை. பெரம்பலூர்ப் பக்கத்துக் குவாரிச் சரிவில் அதைத் திருப்புகிற டிரைவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது கம்பெனி. உனக்கு நினைவிருக்கிறதா, ஐ.டி.ஐ.யில் படிக்கும்போது நம் வாத்தியார் டாடா வண்டியை "டாடா பென்ஸ்" என்றே சொல்வார். 1954-லிருந்து பதினைந்து வருசம் டாடாவும் டைம்லர் பென்ஸும் கூட்டாக லாரி செய்தார்கள், நெற்றியில் அந்த நட்சத்திரம் இருக்கும். கூட்டு முடிந்து நட்சத்திரம் போனபிறகும் பேர் போகவில்லை. அதே டைம்லர் 2012-இல் ஒரகடத்தில் தனியாகத் தொழிற்சாலை போட்டு பாரத் பென்ஸ் என்று வந்து, இப்போது டாடாவுக்கே போட்டி. லேலண்டுக்கும் வெளியூர்ச் சொந்தம் உண்டு. பழைய டிரைவர்கள் "ஹினோ இன்ஜின்" என்பார்களே, எண்பதுகளில் அந்த ஜப்பான் கம்பெனியோடு சேர்ந்து கொண்டுவந்த வகை. இன்றைய ஹெச் சீரிஸ் ஆறு சிலிண்டருக்கு அதுதான் வேர். டாடாவின் பெரிய டிப்பர்களில் வருவது கம்மின்ஸ் இன்ஜின்.

மூன்றும் ஓடும் மாப்ள. மூன்றும் பாரம் இழுக்கும். ஓடுகிற வண்டியை ஒப்பிட்டுப் பிரயோசனமில்லை, நின்ற வண்டியை ஒப்பிடு. ராத்திரி எட்டு மணிக்குக் குவாரி ஏற்றத்தில் கிளட்ச் போய்விட்டால், மறுநாள் மத்தியானத்துக்குள் சாமான் எங்கிருந்து வரும், யார் கை வைப்பார்? டாடாவுக்கும் லேலண்டுக்கும் உன் ஊரிலேயே, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையிலேயே பாதி சாமான் கிடைக்கும். வெளி மெக்கானிக்குக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கை போகும். பாரத் பென்ஸ் 2828-இல் இழுவை நிஜமாகவே நன்றாக இருக்கிறது, கேபினும் பரவாயில்லை, உட்கார்ந்து பார்த்தேன். ஆனால் அது முறையாகக் கம்பெனி சர்வீஸுக்கே விடுகிறவனுக்கான வண்டி. உன் வீட்டிலிருந்து அவர்கள் ஒர்க் ஷாப் எத்தனை கிலோமீட்டர் என்று நீயே போய் மீட்டர் பார்த்துவிட்டு வா. நாற்பதுக்குள் இருந்தால் யோசிக்கலாம். நானாக இருந்தால் உன் வேலைக்கு லேலண்ட் எடுப்பேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை, நீ வைக்கப்போகிற டிரைவர் பதினைந்து வருசமாக அதைத்தான் ஓட்டுகிறான்.

கம்பெனியைவிட உன்னைப் படுத்தப்போவது பி.எஸ்.6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி. நீ ஊரில் இல்லாதபோது வந்தது, 2020 ஏப்ரல் 1 முதல். சைலன்ஸருக்குள் கரியைப் பிடிக்க ஒரு ஃபில்டர் இருக்கிறது. கரி நிறைந்ததும் இன்ஜின் தானாகவே கொஞ்சம் டீசலைக் கூடுதலாக அடித்து, 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி அதை எரித்துவிடும். சேலத்திலிருந்து சென்னைக்கு ஓடுகிற வண்டியில் இது நடப்பதே டிரைவருக்குத் தெரியாது. நம் டிப்பர் அப்படியா? எட்டு கிலோமீட்டர் ஓட்டம், கிரஷரில் அரை மணி நேரம் ஸ்டார்ட்டிங்கிலேயே வரிசை. சைலன்ஸர் சூடாகவே வாய்ப்பில்லை.

போன சித்திரையில் என் வண்டிக்கு நடந்ததைக் கேள். எந்தக் கம்பெனி வண்டி என்று எழுத மாட்டேன், தப்பு வண்டியுடையதும் இல்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு வந்திருக்கிறது. கிரஷர் ஓரமெல்லாம் காய்ந்த புல், சைலன்ஸர் சூட்டில் பற்றிக்கொள்ளும் என்று பையன் அந்தச் சூடேற்றலை நிறுத்துகிற சுவிட்சை அமுக்கினான். அதுவரை சரி, சுவிட்ச் அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் சிமெண்ட் தரைக்கு வந்தபிறகும் அவன் அதை எடுத்துவிடவில்லை, மூன்று நாள். நாலாவது நாள் நிறை பாரத்தோடு குவாரியிலிருந்து ஏறும்போது பாதி மேட்டில் வண்டி இழுவையை விட்டுவிட்டது. முதல் கியர், ஆக்சிலேட்டர் தரையோடு தரை, ஆர்.பி.எம். முள் ஏற மாட்டேன் என்கிறது. பின்னால் ஏழு வண்டி ஹாரன். பின் சக்கரத்துக்குக் கல்லை அண்டக்கொடுத்து நிறுத்தி, ஜே.சி.பி. வைத்து இழுத்தோம். லேப்டாப்போடு ஆள் வந்து, முக்கால் மணி நேரம் வண்டியை நிறுத்தியே உறும விட்டுக் கரியை எரித்தான். டீக்கடையில் பாலைத் தீயவிட்டால் வருமே, அது மாதிரி ஒரு வாடை. இரண்டு நாள் நடை போனது. இப்போதெல்லாம் விளக்கு வந்தால் அன்று சாயங்காலமே ஷெட்டு முன்னால் சிமெண்ட் தரையில் நிறுத்தி எரித்துவிட்டுத்தான் சாவியை வாங்குகிறேன்.

புகையின் நச்சைக் குறைக்க ஊற்றுகிற யூரியா தண்ணியும் உனக்குப் புதுசுதான். நூறு லிட்டர் டீசலுக்கு ஐந்து லிட்டர் அளவில் போகும். 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் சுத்திகரித்த தண்ணீர். மலிவாகக் கிடைக்கிறது என்று டிரம்மில் சில்லறையாக வாங்காதே. போர் தண்ணியில் கலக்கிய சரக்காக இருந்தால் உப்புப் படிந்து, புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிஸ்ட் போய்விடும், அதன் விலையைக் கேட்டால் நீ மறுபடி தோஹாவுக்கு டிக்கெட் போடுவாய்.

கொட்டேஷனில் ஒன்று கவனித்தேன். இரண்டாவதில் ஏ.சி. கேபின் இல்லை. 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாரான பெரிய லாரிக்கெல்லாம் ஏ.சி. கட்டாயம். அப்படியானால் அது பழைய ஸ்டாக். தயாரித்த மாதத்தைக் கேட்டு வாங்கு, பழசு என்றால் பழசுக்கான தள்ளுபடியைக் கேள். செப்டம்பர் 22-லிருந்து ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆனதும் அந்த விலையில் சேர்ந்திருக்கிறதா பார். பெட்டியை நாமக்கல்லில் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். என் ஊர்ப் பெருமை எனக்கு இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், கனத்த தகடு போடச் சொல்லி அடம்பிடிக்காதே. ஒரு டன் இரும்பு கூடினால் நடைக்கு ஒரு டன் எம்-சாண்ட் குறைகிறது.

பழைய பி.எஸ்.4 வாங்கினால் இந்த ஃபில்டர் தொல்லையே இல்லையே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கடைசியாக விற்ற பி.எஸ்.4-க்கே இப்போது ஆறு வயசு. எட்டு வயசு தாண்டினால் வருசா வருசம் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியா என்கிற சோதனை. இருந்தாலும், சங்ககிரியில் ஒரு 12 சக்கரம் விலைக்கு நிற்கிறது, 2019 வண்டி, ஒரே ஓனர். இன்ஜின் சத்தம் கேட்டேன், குறை சொல்ல முடியவில்லை. பெட்டியைத் தூக்கிப் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கி, கட்டை அண்டக்கொடுத்து, பின்னால் ஹிஞ்ச் பின் இருக்கிற இடத்தில் சேஸைப் பார்க்க வேண்டும். மற்ற இடமெல்லாம் புழுதியாக இருந்து அங்கே மட்டும் புது பெயிண்ட் பளபளத்தால் கீழே வெல்டிங் இருக்கிறது என்று அர்த்தம், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

சனிக்கிழமை காலையில் துறையூர் வழியாக வந்துவிடு, பத்து மணிக்குள் சங்ககிரி போய்விடலாம். அதுவரை எந்தக் கொட்டேஷனுக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே. தோஹாவிலிருந்து கொண்டுவந்தாயே ஒரு பெரிய டார்ச், அதையும் ஒரு பழைய கைலியையும் எடுத்துக்கொண்டு வா. அடியில் படுக்கப்போவது நீதான்.

உன்
முருகேசன்