பந்திக்கு முந்தியவருக்கே வானமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கைக்கோள் வழி இணையச் சேவை குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். உரிமம், கட்டணம், உள்நாட்டு நிறுவனங்களின் அச்சம் ஆகியவற்றை விரிவாகப் பேசிய அக்கட்டுரை, அந்தச் செயற்கைக்கோள்கள் எந்த அலைவரிசையில் இயங்கலாம் என்பது டெல்லியில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. 1980-களில் சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் ரேடியோ அறைச் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கும். அதன் முகப்பில் 15-ஆம் நிமிடத்திலிருந்து 18 வரையிலும், 45-லிருந்து 48 வரையிலும் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள். முள் அந்தச் சிவப்புக்குள் நுழைந்துவிட்டால், கப்பல்களின் அபாய அழைப்புக்கான அலைவரிசையான 500 கிலோஹெர்ட்ஸில் யாரும் மோர்ஸ் சாவியைத் தொடக்கூடாது. எங்கிருந்தாவது மெலிதாக ஓர் அபாய அழைப்பு வருகிறதா என்று மூன்று நிமிடங்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பனிப்போர்க் காலத்தில் ஒன்றையொன்று பகைத்துக்கொண்டிருந்த நாடுகளின் கப்பல்களும் ஒரே நொடியில் ஓய்ந்துபோகும். அந்த அமைதியைக் காதாரக் கேட்டவன் நான். 1999-இல் செயற்கைக்கோள் சார்ந்த புதிய அபாய அறிவிப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை அந்தக் கட்டுப்பாட்டைக் காத்தவை, நாடுகள் கூடி எழுதிக்கொண்ட வானொலி விதிமுறைகளே.

அவ்விதிகள் எளிதில் வந்துவிடவில்லை. 1865-இல் பாரிஸில் 20 நாடுகள் ஒப்பந்தம் செய்துகொள்வதற்கு முன்பு, எல்லை கடக்கும் தந்தியைப் பல இடங்களில் காகிதத்தில் எழுதி மறுபக்கத்து ஊழியரிடம் கொடுத்து மீண்டும் அடிக்க வேண்டியிருந்தது. 1902-இல் ஜெர்மன் இளவரசர் ஹைன்ரிஷ் கப்பலிலிருந்து அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்டுக்கு அனுப்ப முயன்ற நன்றிச் செய்தியை, அக்கப்பலில் இருந்தது போட்டி நிறுவனத்தின் கருவி என்பதற்காகக் கரையிலிருந்த மார்க்கோனி நிறுவனத்தின் வானொலி நிலையம் ஏற்க மறுத்தது. எந்த நிறுவனத்தின் கருவியானாலும் கப்பலின் செய்தியைக் கரை நிலையம் வாங்கியே ஆக வேண்டும் என்று 1906 பெர்லின் மாநாடு விதித்தது இத்தகைய கசப்புகளுக்குப் பிறகுதான். தனியார் வலையமைப்புகள் உலகையே சுற்றி வளைக்கும் இந்நாளில் அந்த நிகழ்வை நாம் மறக்கக்கூடாது என்பது என் கருத்து.

அன்று பாரிஸில் தொடங்கிய அமைப்பே இன்று ஜெனீவாவில் இயங்கும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அதன் உறுப்பு நாடுகள் 194. நாடு பெரிதோ சிறிதோ, வாக்கு ஒன்றுதான். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் உலக வானொலி மாநாட்டில் விதிகள் திருத்தப்படுகின்றன. மீறுபவரைத் தண்டிக்க ஒன்றியத்திடம் காவல் படை எதுவும் கிடையாது. அடுத்தவர் அலைவரிசையில் குறுக்கிட்டால் நம் அலைவரிசையும் பாழாகும் என்பதை எல்லா நாடுகளும் உணர்ந்திருப்பதுதான் அதன் பலம்.

ஆனால் நியாயமான பங்கீடு என்று வரும்போது இந்தப் பலம் போதவில்லை. செயற்கைக்கோள் பூமியிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள புவிநிலைச் சுற்றுப்பாதையில், முன்னேறிய நாடுகள் எல்லா இடங்களையும் பிடித்துவிடுமோ என்று வளரும் நாடுகள் போராடியதன் பயனாக, குறிப்பிட்ட சில அலைவரிசைகளில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓரிடம் ஒதுக்கும் திட்டம் 1988-இல் உருவானது. இன்றைய இணையச் செயற்கைக்கோள்கள் பறக்கும் தாழ்வான சுற்றுப்பாதைகளுக்கு அப்படியொரு ஒதுக்கீடு இல்லை. அங்கே முதலில் விண்ணப்பித்த நாட்டுக்கே முன்னுரிமை. பின்னால் வருபவர் முந்தியவருக்கு இடையூறு இல்லாமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். காகிதத்தில் மட்டும் இடம் பிடித்து வைப்பதைத் தடுக்க, விண்ணப்பித்தபின் அலைவரிசையைப் பயன்படுத்தத் தொடங்கத் தரப்படும் 7 ஆண்டுக் கெடு முடிந்தபின், விண்ணப்பித்த செயற்கைக்கோள்களில் அடுத்த 2 ஆண்டுகளில் 10 சதவீதம், 5 ஆண்டுகளில் 50 சதவீதம், 7 ஆண்டுகளில் முழுவதையும் ஏவியிருக்க வேண்டும் என்று 2019 மாநாடு நிபந்தனை விதித்தது. நல்ல திருத்தம்தான். ஆயினும் பணமும் ஏவுகலங்களும் உள்ளவர்களுக்கு அது ஒரு தடையே அல்ல. இன்னும் வரிசையில் நிற்கவே முடியாத நாடுகளுக்கு அதனால் எந்தப் பங்கும் கிடைத்துவிடவில்லை.

அடுத்த மாநாடு 2027-இல் ஷாங்காயில் நடக்கவிருக்கிறது. அலைக்கற்றை ஏலத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் தரும் நம் பத்திரிகைகள், தாழ்வான சுற்றுப்பாதைகளிலும் எல்லா நாடுகளுக்கும் பங்கு வேண்டும் என்று இந்தியா அங்கே கேட்கப் போகிறதா என்பதையும் தொலைத்தொடர்புத் துறையிடம் இப்போதே கேட்டு எழுத வேண்டும். தங்கள் இதழ் அதைத் தொடங்கிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ரேடியோ ஆபீசர்,
தூத்துக்குடி.