ஸ்டென்ட் வைத்தவரோடு ஒரு அரை மணி நேரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாரடைப்பு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை நைட் டூட்டி முடிந்து வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் படித்தேன். நெஞ்சை அடைத்தால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே போய் இ.சி.ஜி. எடுங்கள் என்று எழுதியிருந்தது ரொம்பச் சரி. ஆனால் கட்டுரை ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிட்டது. அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் வைத்து, ஆள் பிழைத்து, வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்று ஒரு வரிகூட இல்லை. நான் 11 வருடமாக ஓர் அரசு மருத்துவமனையின் இருதயப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். எனக்குப் பயமே அதற்குப் பிறகுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பரோட்டா மாஸ்டர் வந்தார். வயது 46. வலி வந்ததும் நேரம் கடத்தாமல் வந்துவிட்டதால் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்து மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பினோம். மாத்திரைக் கவரை அவர் கையில் கொடுத்தது நான்தான். "எதையும் நிறுத்தக் கூடாது அண்ணே" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாலாம் பெட் மானிட்டர் கத்தியது. ஓடிவிட்டேன். ஐந்து வாரம் கழித்து ராத்திரி இரண்டு மணிக்கு அதே மனிதரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பனியன் வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. வைத்த ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. "பல்லு தேய்க்கும்போது ரத்தமா வந்துச்சு சிஸ்டர். மாத்திரை சூடுன்னு சொன்னாங்க. நாலு நாளா போடல" என்றார். உயிர் தப்பியது. ஆனால் இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் எக்கோ ஸ்கேனில் 30 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அடுப்பு முன்னால் நின்று மாவு வீசும் வேலைக்கு அவர் திரும்பவே இல்லை.

ஈறில் ரத்தம் கசியலாம், கையில் லேசாக இடித்தால்கூடக் கன்றிப்போகலாம், பயப்படாமல் எங்களிடம் வந்து கேளுங்கள் என்று அன்றைக்கு இன்னும் இரண்டு நிமிடம் நின்று சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருக்க மாட்டார். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஸ்டென்ட் என்பது ஒரு உலோக வலைக்குழாய். ரத்தக்குழாயின் உள்தோல் அதன் மேல் வளர்ந்து மூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஓடுகிற ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள்தான், அதில் ரத்தம் உறையப் பார்க்கும். உறையாமல் காப்பவை ஆஸ்பிரின், குளோபிடோகிரல் என்ற இரண்டு மாத்திரைகள். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவருக்கு இரண்டையும் பொதுவாக ஒரு வருடம் சேர்த்துக் கொடுப்பார்கள், பிறகு டாக்டர் பார்த்து ஒன்றைக் குறைப்பார். பல் பிடுங்கப் போனாலும் இருதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மலம் கறுப்பாகப் போனால் மட்டும் அன்றைக்கே ஓடி வர வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதைக் கவரை நீட்டும் அரை நிமிடத்தில் ஒருவர் தலையில் ஏற்ற முடியாது.

ஸ்டென்ட் வைக்க முன்பெல்லாம் பெரும்பாலும் தொடை ரத்தக்குழாய் வழியாகத்தான் ஒரு மெல்லிய குழாயை விடுவார்கள். குழாயை எடுத்த பிறகு ரத்தம் நிற்கும்வரை 15, 20 நிமிடம் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், நகரவே முடியாது. அப்போது பேசுவோம். வீட்டில் யார் சமையல், பீடி எத்தனை, கருவாடு ஊறுகாய் இல்லாமல் சாப்பாடு இறங்குமா, எல்லாம் அந்த நேரத்தில் வெளியே வரும். இப்போது பெரும்பாலும் மணிக்கட்டு வழியாகச் செய்கிறார்கள், கையில் ஒரு பட்டையைக் கட்டினால் போதும். நோயாளிக்கு இது எவ்வளவோ நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் எங்களுக்கு அந்த 20 நிமிடம் போய்விட்டது.

டிஸ்சார்ஜ் அன்று கூட வருகிறவரும் பெரும்பாலும் வேன் பிடித்துக்கொண்டு வந்த மச்சானோ சித்தப்பா மகனோதான். மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போகிற மனைவியோ மருமகளோ வீட்டில் இருப்பார்கள். அதனால் முடிந்த நாளில் முதல் நாளே அந்த அம்மாவை வரச் சொல்லிவிடுவேன். படிக்கத் தெரியாதவர் என்றால் அட்டையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பேன். ஸ்டென்ட் மாத்திரை அட்டையின் பின்னால் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போடுவேன். பிறகு கவரை அவர் கையிலேயே கொடுத்து, இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்பேன். அப்போதுதான் தெரியும், பாதி புரியவில்லை என்று. மனைவிமார் சிலர் வராந்தா ஓரத்துக்கு வந்து குரலைத் தாழ்த்தி, இனிமேல் நாங்கள் சேர்ந்து இருக்கலாமா என்று கேட்பதும் அப்போதுதான். டாக்டரிடம் அதைக் கேட்க மாட்டார்கள்.

ஆனால் முடிந்த நாள் எத்தனை? தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிமுறை. எங்கள் ஷிஃப்டில் 12 படுக்கைக்கு 2 பேர். மயங்கிக் கிடப்பவரை விட்டுவிட்டு, நடந்து வீட்டுக்குப் போகிறவரோடு அரை மணி நேரம் உட்கார எனக்கு மனசு வராது, வரவும் கூடாது.

அதனால்தான் கேட்கிறேன். ஸ்டென்ட் வைக்கும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் வீட்டுக்குப் போகிறவர்களிடம் பேசுவதற்கென்றே ஒரு செவிலியரைப் போடுங்கள். ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை அவரே போன் செய்து கேட்கட்டும். தமிழக அரசு 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சு வலி என்று வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் என்று 14 மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். நல்ல ஏற்பாடு. வருகிற வழிக்கு இப்படி யோசித்தவர்கள் திரும்பிப் போகிற வழிக்கும் யோசிக்கலாமே. எங்கள் டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் ஒன்று அந்த ஊர் கிராம சுகாதார செவிலியர் கைக்கும் போகட்டும். மாத்திரை தீர்ந்துபோய், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற மனசில்லாமல் வீட்டிலேயே இருப்பவரை அவரால்தான் கண்டுபிடிக்க முடியும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதயம் பற்றி எழுதும்போது, ஈறில் ரத்தம் வந்தாலும் ஸ்டென்ட் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று பெரிய எழுத்தில் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். வெட்டி எடுத்து எங்கள் வார்டு வாசலில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இருதயப் பிரிவுச் செவிலியர் ஒருவர்,
தென் மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்.)