உங்கள் மைதானமும் விமானத்தின் பாதையும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இடது கண்ணில் புரை நீக்கி மூன்று நாள்தான் ஆகியிருந்ததால், கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள். இப்போது பார்வை தெளிவாக இருக்கிறது. சங்கத்தின் பொன்விழா வாணவேடிக்கை உங்கள் பொறுப்பில் வந்திருப்பதும், அதற்கெனப் பார்த்திருக்கும் மைதானத்துக்கு மேலாகத்தான் விமானங்கள் தரையிறங்க வருகின்றன என்பதும் அறிந்தேன். "அவ்வளவு உயரத்தில் போகும் விமானத்தை நம் வாணம் என்ன செய்துவிடும்?" என்று கேட்டிருந்தீர்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் என்பதால், அந்தக் கேள்வியைப் படித்தபின் எனக்கு நிம்மதியில்லை.

முதலில் அந்த உயரத்தையே எடுத்துக்கொள்வோம். இறங்கும் விமானம் பெரும்பாலும் 3 பாகைச் சரிவில்தான் வரும். அந்தக் கணக்கில், ஓடுபாதையின் முனைக்கு 3 கிலோமீட்டர் முன்னால் அது தரையிலிருந்து சுமார் 170 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். விழாக்களில் குழாயில் வைத்து ஏவும் ஷெல் என்னும் வாண உருண்டை, அதன் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 100 அடி என்ற வீதத்தில் மேலேறும் என்பது தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. அப்படியானால் 6 அங்குல ஷெல் 600 அடியில், அதாவது ஏறக்குறைய 180 மீட்டரில் விரியும். நீங்கள் அண்ணாந்து பார்த்து வியக்கப்போகும் பூவும் விமானியின் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இருந்தாலும், வாணம் விமானத்தில் மோதும் என்பதைவிட விமானியின் கண்ணைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். இருட்டுக்கு முழுமையாகப் பழகக் கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடம் தேவைப்படும்; அதைக் கெடுக்க ஒரு நொடி வெளிச்சம் போதும். சென்ற வாரப் பரிசோதனையில் மருத்துவர் என் கண்ணுக்குள் விளக்கைக் காட்டி எடுத்ததும், எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தின் முள் எனக்குச் சற்று நேரம் தெரியவே இல்லை. கடிகாரம் இருந்த இடத்தில் பச்சையாக ஒரு வட்டம்தான் மிதந்தது. நாற்காலியில் அமர்ந்திருந்த எனக்கு அது கலையும்வரை காத்திருக்க முடிந்தது. நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் வரும் விமானிக்கோ, அந்த 3 கிலோமீட்டரைக் கடக்க முக்கால் நிமிடம்கூட ஆகாது. அதற்குள் ஓடுபாதையின் ஓரத்தில் வரிசையாக எரியும் நான்கு விளக்குகளில் எத்தனை வெள்ளை, எத்தனை சிவப்பு என்று அவர் பார்த்தாக வேண்டும். இரண்டும் இரண்டுமாக இருந்தால் சரிவு சரி, நான்கும் சிவப்பானால் அபாயகரமான தாழ்வு.

ஒரு விழா இரவை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு விமானத்துக்குத் தரையிறங்க அனுமதி கொடுத்துவிட்டு, அதன் விவரம் எழுதிய சீட்டைக் கையில் வைத்தபடி ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முனைக்கு இடப்புறம் சிவப்பும் வெள்ளையுமாக அடுத்தடுத்து மூன்று வாணங்கள் விரிந்தன. கோபுரத்தின் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. மறுநொடியே, இறங்காமல் மேலே ஏறுவதாக விமானியின் குரல் வந்தது. சுற்றி வந்து பத்திரமாக இறங்கியபின், சில நொடிகள் அந்த நான்கு விளக்குகளை வாணத்தின் பொறிகளிலிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை என்றார். அவர் செய்ததுதான் சரி. சர்வதேச வான் விதிகளின்படி, தரையிலிருந்து விமானத்தை நோக்கி எரியும் சிவப்பு வாணம் ஒரு கட்டளை: முன்பு என்ன அனுமதி கொடுத்திருந்தாலும் இப்போதைக்கு இறங்காதே என்று பொருள். கொண்டாடுபவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

பறவைகளையும் சொல்லியாக வேண்டும். நெதர்லாந்தில் புத்தாண்டு இரவுகளில் வானிலை ராடாரைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளிவந்தது. நள்ளிரவு வாணவேடிக்கை தொடங்கியதும் பறவைகள் ஆயிரக்கணக்கில் எழும்பி, முக்கால் மணி நேரத்துக்கும் குறையாமல் பறந்திருக்கின்றன. அவை மிக அடர்த்தியாக இருந்தது 500 மீட்டர் உயரத்தில். இறங்கும் விமானம் அந்த உயரத்தில் இருக்கும்போது ஓடுபாதைக்கு இன்னும் 9 கிலோமீட்டர் இருக்கும். ஆகவே மைதானம் சற்றுத் தள்ளித்தானே இருக்கிறது என்று தேற்றிக்கொள்ள இடமில்லை. 2009 ஜனவரி 15 அன்று வாத்துக் கூட்டம் மோதி இரண்டு இயந்திரங்களும் செயலிழந்த விமானம் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். 155 பேரும் உயிர் தப்பினார்கள். காற்றில்லாத ஈரமான இரவில் புகை கீழேயே தங்கி ஓடுபாதையை மறைப்பதும் உண்டு.

விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. விமான நிலைய நிர்வாகத்துக்கு முன்கூட்டியே எழுதி, இடம், நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஷெல் எட்டும் உயரம் ஆகியவற்றைத் தெரிவித்து அனுமதி கேளுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால், நோட்டாம் என்னும் அறிவிப்பின் மூலம் விமானிகளுக்கு முன்பே தெரிவிப்பார்கள். தேவையானால் நேரத்தை மாற்றச் சொல்வார்கள். மறுத்தால், அருள்கூர்ந்து வேறு இடம் பாருங்கள். அன்று இரவு கோபுரத்தின் தொலைபேசி எண்ணை வாணம் ஏவுபவரின் கையில் கொடுத்து, நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்த வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

ஓடுபாதை முனையிலிருந்து மைதானம் எத்தனை கிலோமீட்டர், எந்தத் திசை, எத்தனை அங்குல ஷெல் வாங்குகிறீர்கள் என்று மறுதபாலில் எழுதுங்கள். விண்ணப்பத்தை நானே எழுதி அனுப்புகிறேன். இப்போதுதான் கண் நன்றாகத் தெரிகிறதே.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்