தலைப்பிலேயே ‘சுண்டெலி’ என்று போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தலையில் அடிபட்டு நினைவாற்றல் இழந்தவர்களுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று உங்கள் இதழில் வந்த செய்தியை என் அம்மா கத்தரித்து, தம்பியின் ஸ்கேன் படங்கள் இருக்கும் பையில் வைத்திருக்கிறார். தம்பி பைக்கிலிருந்து விழுந்து ஆறு வருடம் ஆகிறது. பள்ளிக்கூட நாட்களில் நடந்ததை எல்லாம் சொல்வான். காலையில் சாப்பிட்டது இட்லியா தோசையா என்று கேட்டால் விழிப்பான். அதனால் அந்தச் செய்தியை நான் மூன்று முறை படித்தேன். சோதனை நடந்தது சுண்டெலிகளில் என்பது கடைசிப் பத்தியில்தான் இருந்தது.

நீங்கள் குறிப்பிட்டிருந்த ஆய்வு நல்ல ஆய்வுதான். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சூசன்னா ரோசியும் பீட்டர் வால்டரும் சேர்ந்து செய்து, 2017இல் வெளியிட்டார்கள். அடிபட்ட மூளையில் செல்கள் புதிய புரதம் செய்வதைக் குறைத்துக்கொள்கின்றன. ஒரு நினைவு நெடுநாள் நிலைக்க அந்தப் புரதம் வேண்டும். இஸ்ரிப் என்ற மருந்து இந்தத் தடையை விலக்குகிறது. காயம்பட்டு நான்கு வாரம் ஆன சுண்டெலிகளுக்குச் சில ஊசிகள்தான் போட்டார்கள். தண்ணீருக்குள் மறைந்திருக்கும் மேடையைத் தேடி நீந்தும் சோதனையில், அடிபடாத சுண்டெலிகளைப் போலவே அவையும் அதைக் கண்டுபிடித்தன. என்னை உலுக்கியது அந்த ‘நான்கு வாரம்’. அதற்கு முன் சோதித்த மருந்துகள் பெரும்பாலும் அடிபட்ட சில நிமிடங்களில், மிஞ்சினால் சில மணி நேரத்தில் கொடுக்கப்பட்டவை. தம்பியை நாங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்க்கவே ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது.

ஆனால் இதே பாதையில் வந்து மனிதரிடம் தோற்ற மருந்துகளைப் பற்றி உங்கள் செய்தியில் ஒரு வரிகூட இல்லை. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் எலிகளின் மூளைக் காயத்தில் பல ஆண்டுகள் நல்ல பலன் காட்டியது. பிறகு 882 பேரிடம் ஒரு சோதனை, 1,195 பேரிடம் இன்னொன்று. இரண்டிலுமே பயனில்லை என்று 2014இல் முடிவு வெளியானது. சிட்டிகோலினும் அப்படித்தான். எலிகளின் நினைவாற்றலுக்கு உதவிய அந்த மருந்தை அமெரிக்காவில் தலைக்காயம் பட்ட 1,213 பேரிடம் சோதித்தார்கள், பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. தொண்ணூறு நாள் கொடுத்தும் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இது 2012இல் வந்த முடிவு. அதற்குப் பல வருடம் கழித்துத்தான் தம்பிக்கு அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் வாங்கினோம், அதற்காக அம்மா சீட்டுப் பணத்தை முன்கூட்டியே தள்ளி எடுத்தார். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள், அது போதும்.

எலியிடம் பலித்தது மனிதரிடம் ஏன் பலிக்கவில்லை? ஆய்வகத்தில் ஒரே வயது, ஒரே இனம், பெரும்பாலும் ஆண் எலிகள். மண்டையோட்டைத் திறந்து, அளந்த வேகத்தில், அளந்த ஆழத்தில், ஒரே இடத்தில் இடிக்கிறார்கள். எங்கள் ஊர் புறவழிச்சாலையில் விழுகிறவர்களுக்கு அப்படி அடிபடுமா? ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு எழுபது வயது, ஒருவருக்கு மூளையின் இரண்டு பக்கமும் காயம். எலி மூளையில் நம் மூளைக்கு உள்ள மடிப்புகளும் கிடையாது.

விலங்குச் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த உயிர்கள் படும் வலி வீணாகாமல் சோதனையைக் கடுமையாக்க வேண்டும் என்கிறேன். அமெரிக்க ராணுவத்தின் நிதியுதவியோடு மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து அப்படி ஒன்று செய்தன. ஒவ்வொரு மருந்தையும் மூன்று விதமான மூளைக் காயங்களில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் சுற்றில் ஐந்து மருந்துகள், ஓரளவு தேறியது லெவடிராசிட்டம் ஒன்றுதான். வலிப்புக்காகத் தம்பி ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை அது! ஏன் மற்ற மருந்துகள் தேறவில்லை என்று ஆய்வாளர்களே வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். அதையும் செய்தியாகப் போடலாமே.

இனி இப்படிப்பட்ட செய்தி வந்தால் தலைப்பிலேயே ‘சுண்டெலிகளில்’ என்று ஒரு சொல் சேருங்கள். அடிபட்டு எவ்வளவு நேரம் கழித்து மருந்து கொடுத்தார்கள், மனிதரிடம் சோதனை தொடங்கியதா என்பதையும் முதல் பத்தியில் சொல்லுங்கள். அப்புறம், இன்றே கைக்கு எட்டும் விஷயங்களும் இருக்கின்றன. சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு, கைப்பேசியில் அலாரம், சாவிக்கு ஒரே ஆணி. ஒரு பயிற்சியாளர் பொறுமையாகக் கற்றுக் கொடுத்ததால்தான் தம்பி இப்போது தனியாகக் கடைக்குப் போய் வருகிறான். இந்தப் பயிற்சி எந்தெந்த அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது என்று விசாரித்து ஒரு பக்கம் எழுதுங்கள். அம்மா அதையும் கத்தரித்து அந்தப் பையில் வைத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி.