பொழுதுபோக்குத் தூண்டில் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25: கடலில் நம் நடத்தை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் தேங்காய்த்திட்டு, வீராம்பட்டினம் படகோட்டி அண்ணன்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. புதிய உறுப்பினர்கள் பலர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேல் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனி, ஞாயிறுகளில் தூண்டில் போட வருகிற இளைஞர்கள். நல்வரவு. வழக்கமான செய்திகள் இவ்வளவுதான். மீதி அறிக்கை முழுவதும், தண்ணீரில் நாம் அடுத்தவரிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பற்றியது. செயற்குழு இந்த ஆண்டு அதிக நேரம் பேசியது இதைத்தான். பேச வைத்தது ஒரு சம்பவம்.

தை மாதக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது வலைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். வலது கையில் கட்டு. இடது கையால் சட்டைப் பையிலிருந்து செய்தித்தாள் மடிப்பு ஒன்றை எடுத்து மேசை மேல் பிரித்து வைத்தார். உள்ளே விரல் நீளத்தில் ஒரு லூர், அதாவது செயற்கை இரை. வெள்ளிப் பூச்சு பாதி உரிந்திருந்தது. வயிற்றுப் பக்கம் ஒன்றும் வாலில் ஒன்றுமாக மூன்றுமுனைக் கொக்கிகள் இரண்டு. மூக்கில் ஒரு சாண் பிரெய்டு (பின்னல்) நூல் முடிச்சோடு அப்படியே இருந்தது. நூலின் நுனி பல்லால் கடித்ததுபோல் பிசிறாக இல்லை, கத்தரியால் வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தது.

நடந்தது இதுதான். இருட்டில் அவர் வலை விட்டிருக்கிறார். விடியும் நேரம் நம் படகு ஒன்று, ஓடிக்கொண்டே பின்னால் நூலில் லூரை இழுக்கும் டிரோலிங் முறையில், வலைக்குக் குறுக்கே போயிருக்கிறது. லூர் வலையில் மாட்டியதும் யாரோ நூலை வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவர் வலையைத் திரும்ப இழுத்து எடுக்கும்போது கொக்கி கட்டைவிரல் அடிச்சதையில் ஏறிவிட்டது. வலை பாரத்தோடு இழுபடும் நேரத்தில் கையை உடனே விட முடியாது. விட்டால் வலை போகும், பிடித்தால் கொக்கி இன்னும் ஆழமாகப் போகும். அவர் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நுனிக்கருகே பின்னோக்கி நீட்டும் எதிர்முள் உள்ள கொக்கி, அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பல நாள் கடலுக்குப் போக முடியவில்லை.

அவர் பணம் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்: “மாட்டுறது சகஜம் தம்பி. ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?”

எந்தப் படகு என்று செயற்குழு தேடவில்லை. இந்தக் கரையில் அந்த வகை லூரைக் கட்டுபவர்கள் நாம்தான், அதனால் பொறுப்பும் நம்முடையதுதான் என்று எடுத்துக்கொண்டோம். சிகிச்சைச் செலவையும் வேலை இழந்த நாள்களின் கூலியையும் சங்க நிதியிலிருந்து கொடுத்தோம். பிறகு அவரையே உட்காரவைத்து, வலையில் லூர் மாட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டோம். அதுதான் செயற்குழு வகுத்த விதி. இன்ஜினை நியூட்ரலில் போடுங்கள். நூலைச் சுற்றிக்கொண்டே வலையை நெருங்குங்கள். மாட்டிய இடத்தை மட்டும் கையால் தூக்கிக் கொக்கியைக் கழற்றுங்கள். கழறவில்லையா, இடுக்கியால் கொக்கியின் முனையை வெட்டுங்கள், வலைக்கண்ணை வெட்டாதீர்கள். அதற்கும் அலை இடம் கொடுக்கவில்லை என்றால், அந்த இடத்தில் பளிச்சென்ற துணி ஒன்றைக் கட்டிவிட்டு வலைக்காரரிடம் குரல் கொடுங்கள். ஆள் தெரியாவிட்டால் துறைமுகத்தில் வந்து சொல்லுங்கள். வலைக்கண் கிழிந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். வலை கிடக்கும் பக்கம் போகும் நாள்களில் எதிர்முள்ளை இடுக்கியால் அமுக்கிவிட்டே லூரைக் கட்ட வேண்டும். மீன் ஒன்றிரண்டு தப்பும், தப்பட்டும்.

இந்த விதி வந்தபோது, நாமும் மீன்பிடிப் படகுதானே, நமக்கு மட்டும் ஏன் வழி விடும் கடமை என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளே பதில் சொல்கின்றன. வலை, நெடுந்தூண்டில், இழுவை வலை போன்று படகைத் திருப்ப முடியாமல் கட்டிப்போடும் கருவிகளோடு இருப்பதுதான் அந்த விதிகளின்படி மீன்பிடியில் உள்ள படகு. டிரோலிங் நூல் இழுக்கும் படகு அந்தக் கணக்கில் சேராது. அது சாதாரண இயந்திரப் படகு. ஆகவே வலை போட்டிருக்கும் படகுக்கு நாம்தான் விலக வேண்டும். இரவில் மேலே சிவப்பு, கீழே வெள்ளை விளக்கு தெரிந்தால் அங்கே வலையோ வேறு கருவியோ தண்ணீரில் கிடக்கிறது. மேலே பச்சை, கீழே வெள்ளை என்றால் இழுவைப் படகு. கருவி 150 மீட்டருக்கு மேல் நீண்டு கிடந்தால், அது கிடக்கும் திசையில் இன்னொரு வெள்ளை விளக்கு இருக்க வேண்டும். நம் பக்கத்துச் சிறு ஃபைபர் படகுகளில் இத்தனை விளக்கை எதிர்பார்க்க முடியாது. மிதவைக் கொடியில் மினுக்கும் ஒரு சின்ன விளக்கோ, ஒரு டார்ச் வெளிச்சமோதான் இருக்கும். அதைப் பார்த்து ஒதுங்குவது நம் வேலை.

அடுத்தது முகத்துவாரம். அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் சேர்வது தேங்காய்த்திட்டுக்காரர்களுக்குப் பழைய தலைவலி. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் அதிகமாக மழை கொட்டியது. அதற்குப் பிறகு மரக்கட்டையும் குப்பையுமாகக் கடல் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். அந்த வாரம் இன்ஜின்களை மேட்டுக்கு ஏற்றவும், தண்ணீர் புகுந்த வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகவும் வண்டி கொடுத்த உறுப்பினர்களுக்கு நன்றி.

முகத்துவாரத்தில் கொடுவா மீன் கடிக்கும் என்பது உண்மைதான். அதற்காக வழியில் நங்கூரம் போடுவதை ஏற்க முடியாது. உள்ளே வரும் படகு, முதுகுக்குப் பின்னால் அலையோடு வருகிறது. பாதி வழியில் வேகத்தைக் குறைத்தால் பின்னால் வரும் அலை படகைப் பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்த்துவிடும். பாரம் ஏற்றி வருகிறவருக்கு நின்று யோசிக்க நேரமே கிடையாது. நாம் ஓரமாகத்தான் நிற்க வேண்டும். ஆற்றுக்குள்ளும் வேகம் வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள், சிறு தோணியில் வலை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். நம் படகு கிளப்பும் அலை அவர்கள் முகத்தில் அடிக்கிறது. துறையிலும் மீன் இறக்கும் இடத்தை விட்டுத் தள்ளி நின்று ராடும் ரீலும் கட்டுங்கள். ஏலம் நடக்கும் இடத்தில் காரை நிறுத்தினால் ஐஸ் வண்டி எங்கே போகும்?

இனிச் சொல்வது எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் முக்கியமானது. நம்மைக் கூட்டிப்போகும் படகோட்டி ஒரு பாரை, அதாவது மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டைக் காட்டுகிறார். கரையில் தெரியும் கோபுரத்தையும் மரத்தையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து அப்பா காட்டிக்கொடுத்த இடமாக அது இருக்கும். சங்கராவும் களவாவும் அங்கே கிடைக்கும் என்று அவர் சிறு வயதிலிருந்து காத்து வைத்த அறிவு. நாம் என்ன செய்கிறோம்? மொபைலை எடுத்து ஒரு தட்டு தட்டி ஜி.பி.எஸ். புள்ளியைச் சேமித்துக்கொள்கிறோம். அடுத்த வாரம் வேறு படகில் அதே இடத்துக்குப் போகிறோம், அல்லது மொபைல் குழுவில் பகிர்கிறோம். மாதம் திரும்புவதற்குள் அந்தப் பாரின் மேல் வரிசையாகப் படகுகள். இதை மரியாதைக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒருவருடைய சோற்றை எடுப்பது இது. படகோட்டி அனுமதி இல்லாமல் புள்ளியைக் குறிக்கக் கூடாது, பகிரக் கூடாது, பின்னணியில் கரை அடையாளம் தெரியும் படத்தைப் போடக் கூடாது என்று செயற்குழு தீர்மானம் கொண்டுவருகிறது. எதிர்க்கிறவர்கள் இன்று எழுந்து பேசலாம். நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

படகோட்டியைப் பற்றி இன்னும் இரண்டு. திரும்பலாம் என்று அவர் சொன்னால் திரும்ப வேண்டும், பேரம் பேசக் கூடாது. காற்றைப் பார்த்து அன்றைய பயணத்தை அவர் நிறுத்தினால், காலையில் எழுந்து டீசல் போட்டு ஐஸ் வாங்கி வைத்ததற்கான பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். பணம் போய்விடும் என்ற பயத்தில் ஒருவர் மோசமான கடலுக்குப் படகைத் தள்ளுவது நம் உயிருக்கும் நல்லதில்லை.

நமக்குள் நடந்துகொள்வது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், பெரும்பாலோருக்குத் தெரிந்ததுதான். ஒரு படகு நங்கூரம் போட்டு, மத்தி மீனை நசுக்கிப் போட்டு மீனைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது, நீரோட்டம் போகும் பக்கத்தில் வந்து நிற்காதீர்கள். அவர்கள் போட்ட இரைக்கு வரும் மீனை அது தடுத்துவிடும். பக்கத்தில் வரவேண்டும் என்றால் போன் போட்டுக் கேளுங்கள், இல்லையா, கையை உயர்த்திக் கேளுங்கள். டிரோலிங் படகின் பின்புறம் நெருக்கமாகக் கடக்காதீர்கள். நீலமும் வெள்ளையுமான கொடி கட்டிய படகைப் பார்த்தால் அடியில் ஸ்கூபா ஆள்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம், முழுசாக விலகிவிடுங்கள். ஒருவருக்கு வஞ்சிரம் மாட்டினால் மற்றவர்கள் நூலைச் சுற்றி உள்ளே எடுப்பது நம் சங்கத்தில் ஆரம்பத்திலிருந்தே வழக்கம்.

புதிதாக வருகிறவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி வருவது இயற்கை. அவரை வீடியோ எடுத்துக் குழுவில் போட்டது இந்த ஆண்டு இரண்டு முறை செயற்குழுவுக்கு வந்தது. எடுத்தவர்கள் நேரில் வருத்தம் தெரிவித்தார்கள், அதோடு முடிந்தது. இனி அப்படி நடந்தால் அடுத்த பயணத்தில் இடம் கிடையாது. பெண் உறுப்பினர்கள் சொன்ன குறையும் உண்மை. ஃபைபர் படகில் மறைவிடம் கிடையாது, நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கிறார்கள். அரை நாள் பயணங்களைக் கூடுதலாக வைப்பது, திரை வைத்த படகு ஒன்றைப் பேசி அமர்த்துவது ஆகிய இரண்டும் வரும் ஆண்டுக்கு முடிவாகியிருக்கிறது.

மீனுக்கும் கொஞ்சம் இடம் கொடுப்போம். கொடுவா பெரும்பாலும் ஆணாகத் தொடங்கி, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன். பெரிய கொடுவாவை எடுப்பது முட்டையிடும் தாயை எடுப்பது. படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே பிடித்து நிறுத்தி மூச்சு வந்ததும் விடுங்கள். வீட்டுக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். நாம் பிடித்ததை ஏலத்தில் விற்கவே கூடாது. அங்கே கூடையோடு உட்கார்ந்திருக்கும் அக்காக்களுக்கு அதுதான் பிழைப்பு. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையைத் தேடி வருகின்றன. அந்த மாதங்களில் கரையோரம் மெதுவாக ஓட்டுங்கள். அறுந்த நூலைக் கடலில் வீசாமல் பையில் கொண்டுவாருங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் என்ன செய்வது என்பதில் மட்டும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. தடை விசைப்படகுகளுக்குத்தான், கட்டுமரமும் நாட்டுப்படகும் போகலாம். விசைப்படகுத் தொழிலாளர்கள் வருமானமின்றிக் கரையில் இருக்கும்போது நாம் பொழுதுபோக்குக்குக் கடலுக்குப் போவது சரியில்லை என்று ஒரு தரப்பு. அந்த இரண்டு மாதம் நீங்கள் வராவிட்டால் எங்கள் அடுப்பு எரியாது என்று சிறு படகோட்டிகள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மீனவப் பஞ்சாயத்தாரிடம் கேட்டு, அவர்கள் சொல்லும்படி நடக்கலாம் என்பது என் யோசனை. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும்போது நம் படகு ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை. ஊர்க்காரர்கள் அதைக் கவனித்துச் சொல்லி அனுப்பினார்கள்.

ஆபத்து நேரத்தில் கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் எல்லோரும் மொபைலில் சேமித்திருக்க வேண்டும். நடுக்கடலில் இன்ஜின் நின்ற படகைக் கண்டால், அது யாருடையதானாலும், தூண்டிலைச் சுருட்டிவிட்டுக் கயிறு கொடுங்கள். அதற்குக் காசு வாங்கக் கூடாது.

ஜி.பி.எஸ். புள்ளி பற்றிய தீர்மானம், வலை விதி, பயணம் நின்றால் படகோட்டிக்குக் கொடுக்கும் தொகை ஆகிய மூன்றும் இன்றைய வாக்கெடுப்புக்கு வருகின்றன. தடைக்காலம் பற்றிப் பஞ்சாயத்தாரிடம் பேச மூன்று பேர் கொண்ட குழுவுக்குப் பெயர் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன். அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

நன்றி.

செயலாளர்
புதுச்சேரி