வால்வு மேல் பழி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் கிதார் ஆம்ப்ளிபையர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வால்வு (டிரான்சிஸ்டருக்கு முன்பு இருந்த, உள்ளே சூடாகி வேலை செய்யும் கண்ணாடிக் குழாய்) போட்ட ஆம்ப்ளிபையரில் சத்தம் இனிமைதான், ஆனால் அடிக்கடி படுத்துவிடும், கடலோரத்தில் இருப்பவர்கள் டிரான்சிஸ்டர் வாங்கிக்கொள்வதே நல்லது என்று முடித்திருந்தார்கள். தங்கச்சிமடத்தில் நாற்பத்தைந்து வருடமாக ரேடியோவும் மைக் செட்டும் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். அடிக்கடி படுப்பது உண்மை. ஆனால் பாதிக்கு மேல் வால்வு அநியாயமாகத்தான் பழி சுமக்கிறது.

எங்கள் கோயில் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கும் தம்பி ஒருவன், சென்னையில் செகண்ட் ஹேண்டாக 50 வாட்ஸ் வால்வு ஆம்ப்ளிபையர் ஒன்று வாங்கி வந்தான். ஈ.எல்.34 வால்வு இரண்டு போட்டது. மூன்று மாதம் நன்றாகப் பாடியது. அப்புறம் சாயங்காலத் திருப்பலியில் இருபது நிமிடம் வாசித்தால் ஒரு வால்வு உள்ளே நெருப்புத் துண்டு மாதிரி சிவக்கும், ஃபியூஸ் போகும். பெட்டியைக் கட்டி வெளியூரில் ஒரு பெரிய சர்வீஸ் கடைக்கு அனுப்பினான். இரண்டு வால்வையும் மாற்றி அனுப்பினார்கள். பத்து நாளில் திரும்பவும் அதே சிவப்பு. மறுபடி அனுப்பினான். அங்கே இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்தார்களாம், ஒரு குறையும் தெரியவில்லையாம். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு ஜோடி வால்வு. இரண்டு தடவைக்கும் சேர்த்து 16,000 ரூபாய். அப்புறம்தான், "மாமா, நீங்க ஒரு தடவை பாருங்க" என்று என்னிடம் தூக்கி வந்தான்.

வெளியூரில் ஓடும், இங்கே வந்தால் ஓடாது என்றதுமே எனக்குக் கொஞ்சம் பொறி தட்டியது. பகலில் பார்க்காமல் வாடைக்காற்று ஏறிய பிறகு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் சேசிஸை, அதாவது பாகங்கள் பூட்டிய உலோகத் தட்டை, திறந்தேன். முதலில் வால்வு இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு வெறும் சாக்கெட்டில் மீட்டரை வைத்தேன். ஐந்தாவது கால்தான் கிரிட், வால்வுக்குள் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்துகிற இடம். அங்கே மைனஸ் 38 வோல்ட் அளவுக்கு இருக்க வேண்டும். அந்த மைனஸ் குறைந்தால் வால்வில் கரண்ட் அளவு மீறி ஓடும், அதனால்தான் சிவக்கும். ஒரு சாக்கெட்டில் சரியாக இருந்தது. இன்னொன்றில் மைனஸ் 14, அதுவும் நிலையில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வால்வே இல்லாத இடத்தில் கோளாறு என்றால் வால்வு எப்படிக் குற்றவாளி ஆகும்?

அடுத்த சந்தேகம் கப்ளிங் கண்டென்சர், அதாவது முந்தைய கட்டத்தின் வோல்டேஜை நிறுத்திவிட்டு சத்தத்தை மட்டும் கிரிட்டுக்கு அனுப்புகிற பாகம். அது ஒழுகினாலும் இதே மாதிரிதான் கிரிட் வோல்டேஜ் கெடும். அதன் ஒரு காலை ஈயம் உருக்கித் தூக்கிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் மைனஸ் 14. மிச்சம் இருந்தது சாக்கெட் மட்டும்தான். பழுப்பு நிற பேக்கலைட் சாக்கெட். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தால், நான்காவது காலுக்கும் ஐந்தாவது காலுக்கும் நடுவே தலைமுடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு. நான்காவது காலில் 440 வோல்ட் நிற்கிறது. உப்பு படிந்த இடத்தில் ஈரம் ஏறியதும் கரண்ட் ஊர்ந்து ஊர்ந்து கரிப்பாதை போட்டுவிட்டது. ஏ.சி. அறையில் அந்த உப்பு காய்ந்துபோய்ச் சும்மா கிடக்கும். இங்கே பொழுது சாய்ந்தால் அது தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிடும். சர்வீஸ் கடைக்காரர்களுக்குக் குறை தெரியாததற்கு அதுதான் காரணம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் குறை தெரியவில்லை என்றால் எதற்கு வால்வை மாற்றினார்கள் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

பீங்கான் சாக்கெட் இரண்டு, 300 ரூபாய். பழைய வால்வையே போட்டேன். இந்த வாடைக் காலம் முழுக்க ஓடிவிட்டது.

என் குருநாதர் காலத்தில் இங்கே வீட்டுக்கு வீடு வால்வு ரேடியோதான். இலங்கை வானொலி எங்களுக்கு உள்ளூர் நிலையம் மாதிரி கேட்கும். வருடத்துக்கு ஒரு தடவை சாக்கெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார். மைக் செட் ஆம்ப்ளிபையர் வைத்திருந்த அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பு எப்போதும் எரியும், ஈரம் அண்டாமல் இருக்க. அன்றைக்கு பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் வால்வு கடைகளில் கிடைத்தது. இன்றைக்கு ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஒன்று இரண்டாயிரத்துக்கு மேல் ஆகிறது. பவர் வால்வு தேயும், அது சைக்கிள் டயர் மாதிரி. அதற்காகக் காற்று இறங்கும்போதெல்லாம் டயரை மாற்றுவோமா?

இன்னும் ஒரு விஷயம் எழுதியாக வேண்டும். இந்த ஆம்ப்ளிபையருக்கு சர்க்யூட் டயகிராம் கேட்டு அந்தத் தம்பி கம்பெனிக்கு மெயில் போட்டான். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு மட்டும்தான் தருவோம் என்று பதில். நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு ஒயராகத் தடவிப் பார்த்துக் கோடு போடாத நோட்டில் வரைந்தேன். சுவிட்சை அணைத்த பிறகும் கரண்டைத் தேக்கி வைக்கும் ஃபில்டர் கண்டென்சரில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும் சாமான் இது. ரெசிஸ்டன்ஸ் வைத்து வடித்து, மீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். படம் இல்லாமல் இதற்குள் கை விடச் சொல்வது என்ன நியாயம்? பழைய ரேடியோக்களில் எந்த வால்வு எந்த இடம் என்றாவது பெட்டிக்குள் ஒட்டியிருப்பார்கள்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, மொபைல் மற்றும் எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு வகை. மைக் செட், கிதார் ஆம்ப்ளிபையர் போன்றவற்றையும் தனியாகச் சேர்த்து, விற்கிற கம்பெனி சர்க்யூட் டயகிராமை வாங்குகிறவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று ஆக்கினால் எங்களைப் போன்றவர்கள் பிழைத்துக்கொள்வோம். தங்கள் நாளிதழ் இதை எடுத்து எழுத வேண்டும்.

நான் வரைந்த படத்தை ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் செய்து, அந்த ஆம்ப்ளிபையரின் பின்பலகைக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டேன். சாக்கெட் மாற்றிய தேதியையும் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ரேடியோ மெக்கானிக்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.